அனைத்துத் தலைமுறைக் கையுறைக் கூட்டம்

லைன்மேனின் ரப்பர் கையுறையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. அவருடைய மச்சானின் கையுறையில் ஐந்து. இரண்டு பேரும் மின்வாரியத்தில் பதினாறு வருஷமாக ஒரே ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள். மச்சான் என்றால் வாய்ப்பேச்சுக்கு மச்சான் இல்லை. லைன்மேனின் கூடப்பிறந்த தங்கச்சியைக் கட்டியவர். அதனால் ஓட்டைகளைப் பற்றி ஆபீசில் பேச்சு நடக்காவிட்டாலும் வீட்டில் நடந்தது.

தங்கச்சி தையல் கடையில் கட்டிங் வேலை பார்ப்பவள். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி இரண்டு முறை ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் முறை கையுறையைத் தூக்கி அண்ணன் மடியில் போட்டாள்.

"இது கையுறை இல்லண்ணே, சல்லடை. நீ போய்க் கேக்கறியா, நான் வரட்டுமா?"

லைன்மேன் சண்டை சச்சரவு ஆகாத மனிதர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அவரே போய் மனு கொடுத்தார். நாற்பது நாள் கழித்து நான்கு பக்கப் பதில் வந்தது. ரப்பர் கையுறை வாங்குவதா, புதிதாக வந்திருக்கும் பூச்சுத்துணிக் கையுறை வாங்குவதா என்பதைக் கையுறை போட்டவர்கள், போடுகிறவர்கள், போடப்போகிறவர்கள் ஆகிய மூன்று தலைமுறையினரும் கூடி முடிவு செய்ய வேண்டும். கூட்டம் பாதி நேரிலும் பாதி இணையத்திலும் நடக்கும். அதை எப்படி நடத்துவது என்று திட்டமிட ஒரு குழு அமைக்கப்படுகிறது. மனுதாரர் கிழவரும் இல்லை, இளைஞரும் இல்லை என்பதால், நடுத்தலைமுறைப் பிரதிநிதியாக அவரே நியமிக்கப்படுகிறார்.

"சரிதான், சொறியப் போன கைக்கே விலங்கு," என்றார் மச்சான்.

குழுவின் தலைவர் கூட்ட ஒருங்கிணைப்பு அலுவலர். வாரியத்தில் எல்லோரும் அவரை ஒருங்கிணைப்பு என்றே கூப்பிட்டார்கள். ஒல்லியாக, சுத்தமாக, நகமெல்லாம் வெட்டி இருப்பார். முதல் நாள் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"கையுறை இன்னைக்கு வரும், நாளைக்குக் கிழியும். ஆனா ஒழுங்கா நடந்த கூட்டம் கிழியாது. நான் இந்த வாரியத்துல இருபத்திரெண்டு வருஷம் முடிச்சிட்டேன். இதுவரைக்கும் ஒரு முடிவுகூட நானா எடுத்ததில்ல. என் மேல ஒரு விசாரணை உண்டா? ஒரு கறை உண்டா? கம்பத்துல யாரு விழுந்தாலும், நாளைக்கு நம்மளக் கேப்பாங்க, எல்லாரையும் கலந்துக்கிட்டீங்களான்னு. கலந்துக்கிட்டோம்னு சொல்லணும். அதுக்குத்தான் கூட்டம்."

மூத்த தலைமுறைக்குப் பிரதிநிதி ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். அவருக்கு ஹைடென்ஷன் என்று பேர். வேலையில் இருந்தபோது உயர் அழுத்தக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பிறகு டாக்டர் அவருடைய அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேர் இரண்டுக்கும் பொருந்தியது. கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி ஒன்று எப்போதும் இருக்கும்.

இளைய தலைமுறைக்குப் பிரதிநிதி அவருடைய சொந்த மகன். வாரியத்தின் கணினிப் பிரிவில் வேலை. ஆனால் வீட்டைவிட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாக் கூட்டத்திலும் மைக்கை அணைத்துவிட்டே உட்கார்ந்திருப்பதால் அவனுக்கு ம்யூட்டு என்று பேர். அப்பாவும் பிள்ளையும் ஒரே வீடு. அம்மா போன பிறகு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குழுவில் உட்கார்ந்துதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதுவும் அப்பா இங்கே நாற்காலியில், பிள்ளை அங்கே சுவரில் மாட்டிய டிவியில்.

முதல் அமர்வில் ஹைடென்ஷன் சொன்னார்: "ஆளு நேர்ல வரணும். மூஞ்சியப் பாத்தாத்தான் பொய் சொல்றானான்னு தெரியும். டிவியில வந்து உக்காந்தா அது செய்தி வாசிக்கிறது, கூட்டம் இல்ல."

டிவியில் ம்யூட்டின் வாய் அசையவில்லை. ஆனால் திரைக்கு அடியில் ஒரு வரி எழுத்து வந்தது. குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த தட்டச்சர் அம்மா அதைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்: "இதை ஒரு மின்னஞ்சலில் முடித்திருக்கலாம்."

ஹைடென்ஷன் எழுந்தார். எல்லோரும் அவர் வெளிநடப்புச் செய்யப்போகிறார் என்று நினைத்தார்கள். அவர் நேராக டிவியிடம் போய், மகனுடைய நெற்றிக்கு நடுவில் தடியை வீசி அடித்தார். திரை சிதறியது. ஒரு சில்லு பறந்து தட்டச்சர் அம்மாவின் புருவத்தைக் கிழித்தது. மூன்று தையல். அந்த அம்மா கடமையில் கண்ணானவர். ஒரு கையால் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்: 'மூத்த தலைமுறை தன் கருத்தைத் திரையில் பதிவு செய்தது.' மை எது, ரத்தம் எது என்று தெரியாத அந்தப் பக்கத்தை ஒருங்கிணைப்பு படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்தார்.

இரண்டாவது அமர்வில் தலைமுறைப் புரிதல் பயிற்சி. மூத்தவர்கள் செல்போனில் 'கை உயர்த்து' என்ற பொத்தானை அழுத்தப் பழக வேண்டும். வந்திருந்த பெரியவர்களில் ஒருத்தர், துணைமின்நிலையத்தில் முப்பது வருஷம் இருந்தவர், பொத்தானை அழுத்தாமல் நிஜக் கையையே உயர்த்திக்கொண்டிருந்தார். எத்தனை சொல்லியும் கை மேலே மேலே போனதே தவிரக் கீழே வரவில்லை. பொறுமை இழந்த ஒரு குமாஸ்தா அவர் விரலைப் பிடித்து வலுக்கட்டாயமாகத் திரையில் அழுத்தினார். பெரியவர் குனிந்து குமாஸ்தாவின் காதைக் கடித்தார். பல்செட்டுதான், ஆனால் நல்ல பல்செட்டு. காது மடலில் கால்வாசி வந்துவிட்டது.

"இதுலேருந்து என்ன தெரியுது?" என்று கேட்டார் ஒருங்கிணைப்பு. பதிலையும் அவரே சொன்னார்: "பெரியவங்களுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணும்."

லைன்மேன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் மெதுவாகக் கையைத் தூக்கி, "சார், கையுறை?" என்றார். ஒவ்வொரு முறையும், "அது கூட்டத்துல வரும்" என்று பதில் வந்தது.

ஒத்திகை நாளன்று அரங்கத்தில் இரண்டு பெரிய திரைகள் நிறுத்தப்பட்டன. அரங்கத்து வயரிங் அதைத் தாங்காது. லைன்மேனே வெளியே வாசலோரக் கம்பத்தில் ஏறி, அங்கே தனி ஃப்யூஸ் வைத்து, திரைகளுக்கு மட்டும் தனியாக ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்தார். மைக் செட்காரர் ஸ்பீக்கர்களை மாட்டினார். ஹைடென்ஷன் மேடையேறி மைக்கைத் தட்டினார்.

"ஹலோ," என்றார்.

இணையத்தைச் சுற்றிக்கொண்டு அவர் குரலே இரண்டு நொடி கழித்துப் பின்வரிசை ஸ்பீக்கரிலிருந்து வந்தது: "ஹலோ."

"யாருய்யா அது?"

"யாருய்யா அது?"

"நான் கேக்கறேன், நீ யாரு?"

"நான் கேக்கறேன், நீ யாரு?"

ஹைடென்ஷனின் கழுத்து நரம்பு புடைத்தது. "நக்கலா? நான் கம்பி இழுத்த காலத்துல உங்கப்பன் டவுசர் போடலடா!"

ஸ்பீக்கர் அவருடைய அப்பாவைப் பற்றி அதையே சொன்னது.

அவ்வளவுதான். மனுஷர் மேடையிலிருந்து குதித்துப் பின்வரிசைக்கு ஓடினார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அந்த நேரம் பார்த்து மைக் செட்காரர் குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார். முதல் அடி முதுகில் விழுந்தது, இரண்டாவது முழங்கையில். எலும்பு உடைந்த சத்தம் மைக்கில் ஏறி, இரண்டு நொடி கழித்து மறுபடியும் கேட்டது. இரண்டு எலும்பு உடைந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒன்றுதான். ஹைடென்ஷனைப் பிடித்து இழுக்கப் போன லைன்மேனுக்குத் தடியின் வெள்ளிப் பூண் பட்டு முன்பல் ஒன்று ஆடியது.

அன்று வீட்டுக்குப் போனபோது தங்கச்சி அவர் வாயைத் திறந்து பார்த்தாள்.

"கையுறை கேக்கப் போனவன் பல்லக் குடுத்துட்டு வந்திருக்க."

"நாளான்னிக்கு கூட்டம். அதோட முடிஞ்சிரும்மா."

"எது?" என்று கேட்டாள்.

கூட்டத்தன்று காலையில் ஹைடென்ஷனின் தெருவில் ஒரு கம்பி அறுந்து தொங்குவதாகப் புகார் வந்தது. லைன்மேன் பிரதிநிதி என்பதால் அரங்கத்தைவிட்டு அசையக்கூடாது. மச்சான் ஏணியை ஒற்றை ஆளாகச் சைக்கிளில் கட்டினார்.

"தனியா ஏறாத. கீழ நின்னு எர்த் கம்பி புடிக்க ஆள் வேணும்ல? மத்தியானம் வந்துர்றேன்," என்றார் லைன்மேன்.

"மத்தியானம் வரைக்கும் தெரு முழுக்கக் கரண்டு இல்லாம உக்காந்திருக்குமா? ட்ரான்ஸ்பார்மர்ல ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறப் போறேன். செத்த கம்பி என்னைய என்ன பண்ணும்? நீ போய்க் கையுறைய வாங்கிட்டு வா மச்சான்."

அரங்கத்தின் வாசலில் எல்லோருடைய செல்போனையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்தார்கள். நேரில் வந்தவர்கள் செல்போனைப் பார்த்தால் மூத்த தலைமுறை மனம் புண்படும் என்பது விதி ஆறு. இணையத்தில் வந்தவர்களுக்கு முகம் காட்டும் கட்டாயம் இல்லை. காட்டச் சொன்னால் இளைய தலைமுறை மனம் புண்படும் என்பது விதி ஏழு. நடுத்தலைமுறையைப் பற்றி விதி எட்டு சொன்னது: அவர்கள் இரு தலைமுறைகளையும் இணைக்கும் பாலம், பாலம் பேசுவதில்லை.

கையுறை என்ற சொல் முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பேனரைப் படித்தபோது.

பதினொன்றே காலுக்கு ஹைடென்ஷன் மேடையிலிருந்து திரையைப் பார்த்துக் கேட்டார்: "என் வீட்டுல உக்காந்துக்கிட்டு, என் சோத்தத் தின்னுக்கிட்டு, என் எதிர்லயே மூஞ்சியக் காட்ட மாட்டியா?"

திரையில் ம்யூட்டின் சதுரம் கறுப்பாக இருந்தது. அதில் ஒரு மஞ்சள் கட்டைவிரல் தோன்றி மறைந்தது.

ஹைடென்ஷன் தடியை எடுத்துக்கொண்டு அரங்கத்தைவிட்டு வெளியேறினார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. ஒருங்கிணைப்பு அடுத்த பொருளுக்குப் போனார். ஒன்பது நிமிஷம் ஆகியிருக்கும்; ம்யூட்டின் கறுப்புச் சதுரத்தில் திடீரென்று வெளிச்சம் வந்தது. மேசை உருண்டது, காமரா விழுந்து சாய்வாக நின்றது. நேரில் வந்து உட்கார்ந்திருந்த ஹைடென்ஷன் இப்போது இணையத்தில் இருந்தார். ஒரு கையில் மகனுடைய தலைமுடி, இன்னொரு கையால் பளார் பளார் என்று அறை. சத்தமில்லாமல் விழுந்தது அடி. பிள்ளையும் சும்மா இல்லை. முட்டியை மடக்கி அப்பாவின் வயிற்றில் ஏற்றினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி காமரா சிவப்பானது. மற்ற சதுரங்களிலிருந்து இதயங்கள் பறந்தன. முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஒருங்கிணைப்பின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. "நோட் பண்ணிக்குங்கம்மா," என்றார் தட்டச்சர் அம்மாவிடம். "ஒரே நபர், ஒரே நாள்ல, ரெண்டு வழியிலயும் பங்கெடுத்திருக்காரு. இந்த வாரிய வரலாற்றுலயே மொத தடவ."

அந்த நேரத்தில்தான் யாருடைய முழங்கையோ பட்டு, ம்யூட்டின் மைக் திறந்துகொண்டது.

அறைச் சத்தம் கேட்டது. வசவு கேட்டது. அதற்குப் பின்னால், ஜன்னல் பக்கமிருந்து, விடாமல் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. அரங்கத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை. லைன்மேன் மட்டும் தலையைத் திருப்பிக் கேட்டார். ஜெனரேட்டர். தெருவில் கரண்ட் இல்லை. கூட்டம் விட்டுப்போகக்கூடாது என்று பையன் வீட்டு ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறான். மெயின் சுவிட்சை அணைக்காமல் போட்டிருந்தால், வீட்டுக்குள் ஓடும் கரண்ட் அப்படியே திரும்பித் தெருக்கம்பியில் ஏறும். செத்த கம்பி உயிரோடு இருக்கும். அந்தக் கம்பியில் மச்சான் இருந்தார்.

லைன்மேன் எழுந்தார். "சார்! ஜெனரேட்டர அணைக்கச் சொல்லுங்க! மச்சான் கம்பத்துல இருக்காரு!"

ஒருங்கிணைப்பு உதட்டில் விரல் வைத்தார். பிறகு அரங்கத்தில் பத்தடி தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த மனிதரிடம் அன்பாகச் சொன்னார்: "நீங்க ம்யூட்ல இருக்கீங்க."

"யோவ்! ஆளு செத்துருவான்யா!"

"விதி எட்டு," என்றார் ஒருங்கிணைப்பு.

லைன்மேன் மேடைக்குப் பாய்ந்தார். கட்டுப்போட்ட காதோடு இருந்த குமாஸ்தா அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். லைன்மேன் அவர் தாடையில் குத்தினார். வாழ்நாளில் அவர் குத்திய முதல் குத்து. குமாஸ்தா சரிந்தார். மைக்கைப் பிடுங்கி, "தம்பி, ஜெனரேட்டர அண—" என்று ஆரம்பித்தார்.

திரையிலிருந்து ஓர் அலறல் வந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து. நீளமாக வந்து, நடுவில் வெட்டுப்பட்டதுபோல நின்றது. அடித்துக்கொண்டிருந்த அப்பாவும் பிள்ளையும் அப்படியே நின்று ஜன்னலைப் பார்த்தார்கள்.

லைன்மேன் ஓடினார். இரண்டு தெரு. அவர் போய்ச் சேர்வதற்குள் கம்பத்தடியில் ஏணி மட்டும்தான் கிடந்தது. அப்பாவும் பிள்ளையும் மச்சானைக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார்கள். தார்ச்சாலையில் ஒற்றைச் செருப்பு, கருகிய ரப்பர் வாடை.

ஆஸ்பத்திரி நடையில் ஹைடென்ஷனும் மகனும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் சட்டையிலும் ரத்தம். அதில் எது யாருடையது என்று தெரியவில்லை. லைன்மேனைப் பார்த்ததும் பையன் எழுந்து நின்றான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். "உயிருக்கு ஒண்ணுமில்ல. வலது கையில மூணு விரல எடுக்கணும். இடது கையப் பத்தி நாளைக்குத்தான் சொல்ல முடியும்."

தங்கச்சி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை. மச்சானின் வாட்ச், கத்தரித்து எடுத்த சட்டை, கையுறைகள். அவள் அழவில்லை.

"கூட்டம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. இன்னைக்கே முடிவு பண்ணிருவாங்கன்னு…"

"போய்ப் பாரு. கையுறை என்னாச்சுன்னு பாரு. மத்த ஆளுங்க நாளைக்குக் கம்பம் ஏறணுமில்ல?"

அவர் திரும்பிப் போனபோது மணி மூன்று. கூட்டம் முடியவில்லை. மதியம் மச்சானுக்காக இரண்டு நிமிஷ மௌன அஞ்சலி செலுத்தியிருந்தார்கள். மச்சான் சாகவில்லை என்று தட்டச்சர் அம்மா சொன்னதற்கு, நிகழ்ச்சி நிரலில் ஏற்றியாகிவிட்டது என்று பதில் வந்ததாம். இப்போது அரங்கமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. பிரச்சினை வேறு. அலறியவர் கூட்டத்தில் பங்கெடுத்தவராகக் கணக்கில் வருவாரா, வந்தால் நேரில் பங்கெடுத்தவரா, இணையத்தில் பங்கெடுத்தவரா?

"அலறினது தெருவுல. தெரு நேர்லதான் இருக்கு," என்றார் பல்செட்டுப் பெரியவர்.

"கேட்டது ஸ்பீக்கர்ல. அதனால ஆன்லைன்," என்றது மேடையிலிருந்த மடிக்கணினியிலிருந்து ஓர் இளங்குரல்.

"ரெண்டுமேன்னு போட்டுக்கலாமே," என்றார் நடுவரிசையிலிருந்த ஒருத்தர். பாவம், சமாதானம் செய்ய வந்தவர். முதல் நாற்காலி அவர் மண்டையில்தான் விழுந்தது.

அதன் பிறகு யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்பதற்கு ஒழுங்கு இருக்கவில்லை. ஓய்வுபெற்ற மீட்டர் ரீடர் ஒருவர் பயிற்சிப் பொறியாளர் ஒருவரின் தலையைத் தண்ணீர் கேனுக்குள் அழுத்திக்கொண்டிருந்தார். ஸ்டோர் கீப்பரின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மைக் ஸ்டாண்டு பறந்துபோய் வலது திரையைத் துளைத்தது. இரண்டு பேர் கட்டிப்புரண்டதில் இடது திரை முன்பக்கமாகக் குப்புற விழுந்து மூன்று வரிசையை மூடியது. அடியிலிருந்து கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தன. மேடையில் ஒருங்கிணைப்பு, கிழிந்த உதட்டோடு, "ஒருத்தர் ஒருத்தரா! தலைமுறை வாரியா வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

லைன்மேன் ஆட்களைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது கேபிளை. திரை விழுந்த வேகத்தில் பின்னாலிருந்து பிய்ந்து, செம்பு நாக்கை நீட்டிக்கொண்டு, கேன் தண்ணீர் ஓடும் தரையில் கால்களுக்கு நடுவே கிடந்தது. அவர் வாசலுக்கு ஓடினார். கம்பத்தில் ஏறி அந்த ஒரு ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே விளக்கும் மின்விசிறியும் வேறு லைனில் இருந்ததால் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஃப்யூஸ் போனது யாருக்கும் தெரியாது. உடைந்த திரைகள்தான் ஏற்கெனவே கறுப்பாகக் கிடந்தனவே.

அவர் கம்பத்திலிருந்து இறங்கும்போது தங்கச்சி கேட்டைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

"இங்க யாரு பெரியவரு?" என்று கேட்டாள் அரங்கத்தின் நடுவில் நின்று.

கத்திக் கேட்கவில்லை. ஆனாலும் சண்டை நின்றது. ஒவ்வொருத்தரும் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்கள். தட்டச்சர் அம்மா மட்டும் பேனாவை நீட்டி மேடையைக் காட்டினார்.

தங்கச்சி மேடையேறினாள்.

"வணக்கம்மா," என்றார் ஒருங்கிணைப்பு. "நீங்க எந்தத் தலைமுறை?"

அவள் அவர் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். நாள் முழுக்கக் கெட்டித்துணியைக் கத்தரியால் வெட்டுகிற கை அது. ஒருங்கிணைப்பு இரண்டு முறை உதறிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து அவர் கையில் மாட்டினாள். ரப்பர் கருகிச் சுருங்கியிருந்தது. அழுத்தித்தான் மாட்ட வேண்டியிருந்தது. உள்ளே ஏதோ ஒட்டியிருந்தது. அது என்ன என்று தெரிந்தபோது ஒருங்கிணைப்பு வாந்தி எடுத்தார். ஓட்டைகள் வழியே அவருடைய சுத்தமான நகங்கள் எட்டிப் பார்த்தன.

தங்கச்சி மேடை ஓரத்தில் குனிந்தாள். கேபிளின் ரப்பர் உறை நன்றாக இருந்த பக்கமாகப் பார்த்துப் பிடித்துத் தூக்கினாள். செம்பு முனை அவர் முகத்துக்கு நேரே ஆடியது.

"புடிங்க."

"அம்மா, அதுல கரண்டு இருக்கும்மா!"

"இருக்கட்டுமே. கையுறைதான் போட்டிருக்கீங்களே."

"இது ஓட்டைம்மா! ஓட்டை!"

"ஓட்டையா? யாரு சொன்னது? கூட்டம் இன்னும் முடிவு பண்ணலியே."

லைன்மேன் வாயைத் திறந்தார். லைன் ஆஃப் என்று சொல்லியிருக்கலாம். மூடிக்கொண்டார். மடிக்கணினியில் இருபத்தேழு சதுரங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் இதயம் போடவில்லை.

அவள் கேபிளை முன்னால் தள்ளினாள். செம்பு அவர் உள்ளங்கையில் பட்டது.

ஒருங்கிணைப்பு போட்ட அலறல் காலையில் மச்சான் போட்டதைவிடப் பெரிது. கைகால் வெட்டி இழுக்க, நுரை தள்ள, மேடையில் விழுந்து துடித்தார். பேண்ட் நனைந்தது. கொஞ்ச நேரம் துடித்த பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் இன்னும் கேபிளோடு அங்கேயே நின்றிருந்தாள்.

"இன்னொரு தடவையா?" என்றாள்.

"போடறேன்! கையெழுத்துப் போடறேன்! எத்தன ஜோடி வேணும்? எல்லாருக்கும் போடறேன்!"

இருபத்திரெண்டு வருஷத்தில் அவர் தானாக எடுத்த முதல் முடிவு அது. வலது கையிலிருந்து கையுறை கழன்று வரவில்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டார். தட்டச்சர் அம்மா முத்திரை குத்தினார். ஸ்டோர் கீப்பர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்டோரைத் திறந்தார். உள்ளே அறுபது ஜோடி இருந்தன. ரப்பரில் முப்பது, பூச்சுத்துணியில் முப்பது. கூட்டத்தில் மாதிரிக்குக் காட்டுவதற்காக நான்கு மாசத்துக்கு முன்பே வந்திறங்கியவை.

லைன்மேன் தன் பிரிவு ஆட்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார். எந்த வகை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மிச்சப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு அண்ணனும் தங்கச்சியும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். தெருவில் விளக்குப் போடும் நேரம் ஆகியிருந்தது. தங்கச்சி நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"நல்லவேளை, நான் கம்பத்துல நின்னத நீ பாத்த," என்றார் லைன்மேன். "இல்லன்னா கதையே வேற."

"எந்தக் கம்பத்துல?"

அவர் நின்றார். சட்டைப்பையிலிருந்து ஃப்யூஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

தங்கச்சி அதைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப அந்த வயர்ல கரண்டே இல்லியா?"